கண்ணாடித் தொட்டியில் ஓர் அமானிதம்

விதியின் மீது பழியைச் சுமத்துவது மனிதனுக்கு மிக எளிது. வணிகத்தில் நட்டம் வந்தால் விதி என்கிறான். பயிர் கருகினால் விதி என்கிறான். பிள்ளை தேர்வில் தவறினாலும் விதி என்கிறான். ஆனால் இலாபம் வந்தாலோ, விளைச்சல் பெருகினாலோ, பிள்ளை முதன்மை பெற்றாலோ, அது தன் திறமை என்று சொல்லிக்கொள்ளத் தயங்குவதில்லை. இந்தப் பழக்கம் நம்முள் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை நமக்கு உணர்த்தியவை எட்டுச் சிறு மீன்கள் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ஆயினும் உண்மை அதுவே.

மகளின் ஆசைக்காக இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்தோம். வந்த அன்றே அடியில் வண்ணக் கற்களைப் பரப்பினோம். குழாய் நீரை நிரப்பினோம். மாலைக்குள் எட்டுத் தங்கமீன்களையும் விட்டுவிட்டோம். வீடே கூடி நின்று கண்டு களித்தது. வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்கொரு சிட்டிகை தீனி போட்டனர். மூன்றாம் நாள் நீர், அரிசி களைந்த கழுநீர்போல் வெளுத்துக் கலங்கிற்று. மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசியென்று எண்ணி இன்னும் கொஞ்சம் தீனி போட்டோம். நான்காம் நாள், அழுக்கு நீரே காரணமென்று முடிவு செய்து, நீர் முழுவதையும் இறைத்து, கற்களைத் தேய்த்துக் கழுவி, மீண்டும் குழாய் நீரை நிரப்பினோம். ஏழாம் நாள் காலையில் எட்டில் ஆறு மிதந்தன.

"வாப்பா, மீனையெல்லாம் நாமதான் கொன்னுட்டோமா?" என்று மகள் கேட்டாள்.

நாம் வாய் திறப்பதற்கு முன்பே, அருகிலிருந்த நம் உம்மா அவளை அணைத்துக்கொண்டு, "அதுக்கு ஹயாத்து அவ்வளவுதாம்மா" என்றார்கள். அன்று மாலை மீன் விற்ற கடைக்காரரிடம் சொன்னபோது அவரோ சிறிதும் கலங்காமல், "முதல் செட் அப்படித்தான் போகும் பாய், அடுத்த செட் நிக்கும்" என்றார்.

ஒரு கேள்விக்கு இரண்டு விடைகள். முதல் விடை பழியை இறைவனின் நாட்டத்தில் வைத்தது. இரண்டாம் விடை அதை வழக்கத்தில் வைத்தது. இரண்டும் நமக்கு ஆறுதலாகவே இருந்தன. அந்த ஆறுதலே நம்மை உறுத்தவும் செய்தது. குழந்தை கேட்டது ஆறுதலையன்று, உண்மையை.

களா-கத்ரை நம்புவது நம் ஈமானின் கூறு. ஒரு மீனின் மூச்சும் அவனறியாமல் நிற்பதில்லை. இதில் முஸ்லிம் எவருக்கும் ஐயமிருக்க முடியாது. ஆனால், இறைவனின் நாட்டத்தை நம்புவது வேறு. நம் கவனக்குறைவை அதன் நிழலில் ஒளித்து வைப்பது வேறு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்பளிப்பதா, கட்டாமல் விட்டுப் பொறுப்பளிப்பதா என்று வினவியவருக்கு, முதலில் கட்டுமாறும் பின்னர் பொறுப்பளிக்குமாறும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் அறிவோம்.

கலீபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஷாம் நாட்டை நோக்கிப் படையுடன் புறப்பட்டவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் கேள்வியுற்று, தோழர்களைக் கலந்து, திரும்பிவிட முடிவு செய்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று கேட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே தாம் செல்வதாகக் கலீபா விடையிறுத்தார்கள். ஒட்டகம் மேய்ப்பவன் ஒருவன் பள்ளத்தாக்கில் இறங்குகிறான். அதன் ஒரு கரை செழுமையானது, மறு கரை வறண்டது. எதில் மேய்த்தாலும் அது இறைவனின் விதிப்படியே அன்றோ என்று உவமையும் காட்டினார்கள். விதியை நம்புகிற மேய்ப்பன் தன் ஒட்டகத்தை வறண்ட கரையில் நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விடுவதில்லை. பசுமையைத் தேடுவது அவன் கடமை.

நாம் பசுமையைத் தேடினோமா? தேடவில்லை. தேட வேண்டும் என்று எண்ணக்கூட இல்லை. மீன்கள் இறந்த பின்னரே, அந்த நீரில் நடந்தது என்ன என்று படித்தறிய முற்பட்டோம்.

மீன் தன் உடற்கழிவைப் பெரும்பாலும் செவுள்கள் வழியே அம்மோனியாவாக வெளியிடுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாவே தோன்றுகிறது. இது செவுள்களைத் தீய்க்கும் நஞ்சு. குளத்திலும் ஆற்றிலும் இந்த நஞ்சு தேங்குவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் மீனின் இரத்தத்தைக் கெடுக்கும் நஞ்சே. நைட்ரேட் அவ்வளவு தீங்கற்றது; செடிகளுக்கு அது உரமும் ஆகிறது. புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவில் இல்லை. மணலிலும் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் அவை ஒட்டி வளர்ந்து பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். நாம் அவற்றுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. நான்காம் நாள் கற்களைத் தேய்த்துக் கழுவியபோது, அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருந்த சிலவற்றையும் சாக்கடையில் ஊற்றினோம். நகராட்சிக் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்வதற்காகக் கலக்கப்படும் குளோரின், நல்ல நுண்ணுயிர்களையும் மீனின் செவுள்களையும் பிரித்தறிவதில்லை. அதையும் நம் கையாலேயே ஊற்றினோம்.

நம் நாட்டின் வெப்பமும் சேர்ந்துகொண்டது. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறது. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வெப்பமும் காரத்தன்மையும் மிகுந்த நீரில் அம்மோனியாவின் நச்சுத்தன்மையோ பன்மடங்காகிறது. வாயைத் திறந்து திறந்து மூடிய அந்த மீன்கள் பசியால் துடிக்கவில்லை, மூச்சுக்குத் துடித்தன. நாம் தீனி போட்டோம்!

இவற்றில் எதுவும் மறைவான ஞானமன்று. இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர், மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி மீண்டும் செம்மையாக்குவதை 1771-ஆம் ஆண்டிலேயே கண்டார். செடி இதைச் செய்வதற்குச் சூரிய ஒளி வேண்டுமென்பதை 1779-இல் யான் இங்கன்ஹூஸ் நிறுவினார். 1850-இல் இலண்டன் வேதியியல் அறிஞர் ராபர்ட் வாரிங்டன், பன்னிரண்டு கேலன் கொள்ளளவுள்ள கண்ணாடிக் கலம் ஒன்றைப் பற்றித் தம் சக அறிஞர்களுக்கு அறிவித்தார். பன்னிரண்டு கேலன் என்பது ஏறத்தாழ 54 லிட்டர். நம் இரண்டடித் தொட்டியின் அளவே அது. அவர் அதில் இரண்டு தங்கமீன்களை விட்டு, நாடா போன்ற இலைகளையுடைய வல்லிசுநேரியா என்னும் நீர்ச்செடியை நட்டார். மீன் வெளியிடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்று, பிராணவாயுவைத் தரும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆயினும் நீர் கலங்கிற்று. செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கெடுத்தன.

வாரிங்டன் 'அவ்வளவுதான் ஹயாத்து' என்று கலத்தைக் கவிழ்த்துவிடவில்லை. இயற்கைக் குளத்தில் அழுகும் இலையை உண்பது எது என்று ஆராய்ந்தார். சில நீர்நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகிய இலைகளைத் தின்றன, நீர் தெளிந்தது, நத்தைகளின் முட்டைகள் மீன்களுக்கு இரையாயின. மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

அவர் அறியாத நான்காவது துணையொன்றும் அக்கலத்தில் இருந்தது. அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களே அவை. பிற்காலத்தில் அவருடைய மகனும், அதே ராபர்ட் வாரிங்டன் என்னும் பெயருடையவர், இங்கிலாந்தின் ராதாம்ஸ்டட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில், அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது இருவேறு உயிர்களின் இரண்டு கட்டப் பணி என்பதை ஆராய்ந்து காட்டினார். அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. 1890-இல் ரஷ்ய அறிஞர் செர்கே வினோகிராட்ஸ்கி அதைச் செய்து முடித்தார். தந்தை பாதியைக் கண்டார். மீதியை மகன் தேடினார். எஞ்சியதை வேறொருவர் நிறைவு செய்தார். இறைவன் வானத்தை உயர்த்தித் தராசை நிறுவினான் என்றும், அந்தத் தராசில் வரம்பு மீறலாகாது என்றும் அர்ரஹ்மான் அத்தியாயம் நமக்குப் போதிக்கிறது. அந்தத் தராசைக் கடைத்தெருவில் மட்டும் தேடுவோர் உண்டு. 54 லிட்டர் நீரிலும் அது தொங்குகிறது. அதன் தட்டுகளைக் கண்டறிவதற்கு மூன்று தலைமுறை அறிஞர்கள் உழைத்திருக்கிறார்கள். நாமோ ஒரே மாலையில் அதைக் கவிழ்த்துவிட்டோம்.

எஞ்சிய இரண்டு தங்கமீன்களைப் பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருந்த உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். தங்கமீன் ஒரு சாண் அளவுக்கும் வளரக்கூடியது. நன்கு பேணினால் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இரண்டடித் தொட்டியில் எட்டு என்பது, சிற்றறையில் ஓர் ஊரையே அடைப்பதற்கு ஒப்பு. பிறகு மகளும் நாமும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம்.

நீரும் மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் எடை ஏறத்தாழ 80 கிலோ. எனவே தொட்டியை உறுதியான மேசையொன்றில், வெயில் நேராக விழாத மூலையில் வைத்தோம். வெயில் விழுந்தால் நீர் சூடேறும், பாசியும் பெருகும். எரு கலக்காத தோட்டத்து மண்ணைச் சலித்து ஓர் அங்குலம் பரப்பி, அதன்மேல் நன்கு கழுவிய பருமணலை மற்றோர் அங்குலம் மூடினோம். டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி செடித்தொட்டிகளின் வாழ்வியல் குறித்து 1999-இல் வெளியிட்ட நூலின் வழியே பரவலான முறை இது. மண் செடிக்கு உணவளிக்கிறது. செடி நீரிலுள்ள அம்மோனியாவை நேராகவே உறிஞ்சிக்கொள்கிறது. வல்லிசுநேரியாவையும் ஹைட்ரில்லாவையும் நட்டோம். இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் செடிகள் மூன்றையும் நட்டோம். குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்து, மண் கலையாதவாறு ஒரு தட்டின் மேல் மெல்ல நீரை ஊற்றினோம். சிறிய பஞ்சு வடிகட்டி ஒன்றை இயக்கினோம். விளக்கை நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் மட்டும் எரியவிட்டோம். நுண்ணுயிர்களுக்கு உணவாக, மீனில்லாத அந்த நீரில் அன்றாடம் மிகச் சிறிய அளவு தீனியை இட்டு அழுகவிட்டோம்.

பின்னர் காத்திருந்தோம்.

இக்காத்திருப்பு எளிதாக இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள், "மீனில்லாத மீன்தொட்டியா?" என்று நகைத்தனர். இரண்டாம் வாரத்தில் கிரிப்டோகோரைன் இலைகள் கூழாகிக் கரைந்து விழுந்தன. மகள் கண்கலங்கினாள். பிடுங்கி எறிந்துவிடலாம் என்றே நமக்கும் தோன்றிற்று. ஆனால் இடம் மாற்றி நடப்பட்ட கிரிப்டோகோரைன் தன் பழைய இலைகளை உதிர்த்துவிடுவதுண்டு என்றும், வேரை அசைக்காமல் விட்டால் புதிய நீருக்கேற்ற புதிய இலைகளை விடும் என்றும் படித்திருந்தோம். அழுகிய இலைகளை மட்டும் அகற்றிவிட்டு, வேரைத் தொடாமல் விட்டோம். நான்காம் வாரத்தில் மணலிலிருந்து சுண்டுவிரல் நகமளவு செம்பழுப்பு இலையொன்று சுருள் விரித்தது. அன்று மகள் வீடு முழுவதும் ஓடி அனைவரையும் அழைத்து வந்தாள். மீன்கள் வந்த நாளில்கூட அவள் அவ்வளவு மகிழவில்லை.

நோன்பு நமக்குக் கற்பிப்பதும் இதுதானே? கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை, உரிய நேரம் வரும்வரை தொடாதிருத்தல். சபுர் என்பதைத் துன்பம் வந்த பின் தாங்கிக்கொள்வது என்று மட்டுமே நாம் பொருள் கொள்கிறோம். துன்பம் வராமற் காக்கும் பொறுமையும் சபுரே. முன்னதைக் கடைப்பிடித்திருந்தால் பின்னதற்குத் தேவையே ஏற்படாத தருணங்கள் வாழ்வில் எத்தனையோ!

ஆறாம் வாரத்தில், சோதனைத் துளிகள் இட்டுப் பார்த்தபோது அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையெனத் தெரிந்த பிறகு, ஆறு கப்பி மீன்களை விட்டோம். நம் ஊர்க் கடின நீர் கப்பிக்கு ஏற்றது. மாதந்தோறும் குஞ்சு ஈன்று பெருகித் தொட்டியை நிறைத்துவிடாமலிருக்க ஆண் மீன்களாகவே தேர்ந்தோம். நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. வாரந்தோறும் நீரில் கால்பங்கு மட்டும் மாற்றம். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், இறைத்தெடுத்த தொட்டி நீரிலேயே அலசுவது. இறைத்த நீரும் வீணில்லை. வாசலிலுள்ள மருதாணிச் செடிக்கு அது உரநீர்.

இங்கே வாசகர் சிலருக்கு ஒரு கேள்வி எழலாம். நம் கண்ணின் இன்பத்திற்காக உயிரைக் கண்ணாடிக்குள் அடைத்து வைப்பது அடிப்படையிலேயே முறையாகுமா?

அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர், சிறுவராக இருந்தபோது நுகைர் என்னும் சிறு பறவையொன்றை வளர்த்து வந்தார். அது இறந்துவிட்டது. சிறுவர் வாடியிருப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்தப் பறவைக்கு என்னவாயிற்று என்று பரிவுடன் விசாரித்தார்கள். ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்த இப்னுல் காஸ் என்னும் அறிஞர், இந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்தே அறுபது படிப்பினைகளை எடுத்துக்காட்டி ஒரு நூல் யாத்தார். பறவையை வளர்ப்பது ஆகும் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இதனைச் சான்றாகக் கொள்கின்றனர். ஆனால், பூனையொன்றை அடைத்து வைத்து, உணவளிக்காமலும் தானே இரை தேட விடாமலும் சாகவிட்ட பெண் அதன் பொருட்டு நரகடைந்தாள் என்றும் நபிமொழி கூறுகிறது. தாய்ப்பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட்டபோது, அவற்றைத் திருப்பித் தருமாறு அண்ணலார் பணித்ததும் பதிவாகியுள்ளது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு நெறி புலனாகிறது. அடைத்து வைத்தவன், அடைபட்ட உயிர் தனக்குத் தானே தேடிக்கொண்டிருக்கக் கூடிய யாவற்றுக்கும் பொறுப்பாளி ஆகிறான். பூனை வெளியில் இருந்திருந்தால் எலியைப் பிடித்திருக்கும். மீன் குளத்தில் இருந்திருந்தால் நல்ல நீரை நாடி நீந்தியிருக்கும். கதவை மூடிய கையே அதற்கு மாற்றையும் தந்தாக வேண்டும்.

'அன்றாடம் மீனைப் பொரித்துத் தின்பவர்கள் ஆறு மீனுக்காக இத்தனை பேசுவானேன்?' என்றும் கேட்கலாம். உணவுக்காக உயிரை எடுக்க இறைவன் அனுமதித்திருக்கிறான், வதைக்க அனுமதிக்கவில்லை. அறுக்கும்போதுகூடக் கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணியின் துன்பத்தைக் குறைக்குமாறு பணித்த மார்க்கம் இது. மீனுக்கு நோவு தெரியாது என்று தள்ளிவிடவும் முடியாது. ட்ரவுட் மீன்களுக்குத் தீங்கான தூண்டலை உணரும் நரம்பு முனைகள் உண்டு என்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினர். ரோம் நகராட்சி 2005-இல் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்ப்பதைத் தடை செய்தது. நம் துணைக்கண்டத்து ஆறுகளில் வாழும் கண்ணாடி மீன், எலும்பு தெரியும்படி ஒளி ஊடுருவும் உடலைப் பெற்றது. அதன் உடலில் ஊசியால் சாயம் ஏற்றிச் சந்தையில் விற்றவர்கள் உண்டு. படைத்தவன் தந்த தெளிவைக் குத்திக் கெடுத்து, அதை அழகு என்று விற்கிறார்கள். நாம் வாங்குவதால்தான் விற்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும், கொடுமையைவிட அதிகமாக உயிர்களைக் கொல்வது அறியாத அன்பே என்று நமக்குத் தோன்றுகிறது. பாசத்தால் அளவின்றித் தீனி போடுகிறோம், நீர் கெடுகிறது. தூய்மை விருப்பத்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவுகிறோம், நுண்ணுயிர்கள் அழிகின்றன. இறுதியில், வளர்க்க இயலாமற் போகும்போது, இரக்கத்தால் அருகிலுள்ள குளத்தில் கொண்டுபோய் விடுகிறோம். மூன்றாவது இரக்கம் மிகக் கொடியது. தென்னமெரிக்காவிலிருந்து அலங்காரத்திற்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை இன்று நம் ஏரிகளை மூடிக்கிடப்பதைக் காண்கிறோம். தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கும் என்று வாங்கப்படும் முரட்டுச் செதிலுடைய உறிஞ்சுவாய்க் கெளுத்தி, இன்று தமிழகத்திலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் பெருகி மீனவரின் வலைகளைக் கிழிக்கிறது. 'பாவம், உயிரோடு போகட்டும்' என்று சொல்லி விட்டவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. நல்லெண்ணம் நாட்டு மீன்களைக் காக்கவில்லை என்பதே உண்மை.

மறுபக்கம், நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கே உரிய செங்கோட்டு மீன், 'மிஸ் கேரளா' என்ற பெயரால் உலகச் சந்தைக்குப் போய், ஓடைகளில் அருகி, அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. எனவே மீன் வாங்குகிறவர், அது ஓடையிலிருந்து பிடிக்கப்பட்டதா, பண்ணையில் வளர்க்கப்பட்டதா என்று கேட்டு வாங்குதல் நலம். சென்னையின் கொளத்தூர்ப் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் அலங்கார மீன்களை வீட்டுத் தொட்டிகளிலேயே இனப்பெருக்கம் செய்து வாழ்க்கை நடத்துகின்றன. அத்தகைய உழைப்பிலிருந்து வாங்கினால் ஓடையும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும்.

நம் பழைய பள்ளிவாசல்களின் ஹவுளை எண்ணிப் பார்க்கிறோம். உளூச் செய்ய அமரும்போது விரல்களுக்கிடையே வந்து மோதும் மீன்களை நம்மில் பலர் சிறுவயதில் கண்டிருப்போம். அவற்றை அங்கே விட்ட பெரியவர்கள் வேதியியல் பயின்றவர்கள் அல்லர். ஆயினும், அகன்ற நீர்ப்பரப்பு, அளவான மீன்கள், கொசுப்புழுவே இரை என்னும் ஒழுங்கைத் தங்கள் அனுபவத்தால் கண்டு வைத்திருந்தனர். அறிவு என்பது நூலில் இருப்பது மட்டுமன்று. உற்று நோக்குவதிலும் இருக்கிறது. அவர்கள் நோக்கினார்கள், நாம் வேடிக்கை பார்த்தோம். வேறுபாடு அவ்வளவே.

இனி மகளின் கேள்விக்குத் திரும்புவோம். புதிய தொட்டி நிலைபெற்ற பின் ஒரு நாள் அவளை அருகில் இருத்தி, அன்று சொல்லாத விடையைச் சொன்னோம். "ஆமாம்மா, நாமதான். தெரியாமச் செஞ்சோம். ஆனா, தெரிஞ்சுக்காமச் செஞ்சோம். அதுதான் தப்பு." அவள் சற்று நேரம் தொட்டியையே நோக்கியிருந்தாள். பிறகு, "அப்ப அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்கணுமா வாப்பா?" என்றாள். கேட்டோம்.

தெரியாமற் செய்தது, தெரிந்துகொள்ளாமற் செய்தது ஆகிய இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே இக்கட்டுரை முழுவதும் சொல்ல முயன்றோம். அறிய வழியே இல்லாதவனை இறைவன் மன்னிக்கிறான். அறியும் வழி திறந்திருக்க, அதன் பக்கம் திரும்பியும் பாராதவன் தன் அறியாமையைச் சாக்காகக் காட்ட முடியுமா? மீன்தொட்டியோடு முடிந்துவிடும் செய்தியன்று இது. காய்ச்சல் கண்ட குழந்தையை உரிய காலத்தில் மருத்துவரிடம் காட்டாமல் இருந்துவிட்டு, தலைக்கவசம் இல்லாமல் மகனை வண்டியில் அனுப்பிவிட்டு, முதிய பெற்றோரின் மருந்துச் சீட்டை ஒரு முறையும் படித்துப் பாராமல் இருந்துவிட்டு, பின்னர் ஹயாத்து முடிந்துவிட்டது என்று சொல்லும் நாவுகள் நம்மிடையே இல்லையா? மனைவி, மக்கள், பெற்றோர், அனாதையின் சொத்து, அண்டை வீட்டாரின் உரிமை என நம் கையில் உள்ளவை அனைத்தும் அமானிதங்களே. அமானிதத்தைப் பெற்றுக்கொண்டவனுக்கு அதைப் பேணும் முறையை அறிவதும் கடமையாகிவிடுகிறது.

நம் உம்மா சொன்ன சொல் பொய்யன்று. இடம் மாறி வந்த மெய். செய்ய வேண்டியவை அனைத்தையும் செய்து முடித்த கரங்களுக்கு இறைவன் அருளிய ஆறுதல் அது. கடந்த கோடையில் ஆறு கப்பிகளில் ஒன்று, எந்தக் குறையும் இல்லாத தெளிந்த நீரில், முதுமையால் இறந்தது. இரண்டாண்டுகள் வாழ்ந்திருந்தது; கப்பிக்கு அது நிறைவாழ்வு. மகளே அதை எடுத்து மருதாணிச் செடியின் அடியில் புதைத்தாள். கைகளைக் கழுவிக்கொண்டு வந்து, தன் பாட்டியிடம், "அதுக்கு ஹயாத்து அவ்வளவுதான்" என்றாள். அவள் சொன்னபோது அச்சொல் பொருந்தியிருந்தது.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை அறிந்து பேணும் அறிவையும், அறியும்வரை காத்திருக்கும் பொறுமையையும், தவறியபோது தவறை ஒப்புக்கொள்ளும் நேர்மையையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.